எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ் 3812: இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

இரவுப்பறவை | இரவு 11.48

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே வந்து படித்துவிட்டுப் போனதோடு சரி, எழுதுவது முதல் முறை.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன்னால் வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளை எடுத்தேன். வயது 38, ஆண். மஞ்சள் காமாலை வந்ததாக நினைவே இல்லை. உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

எச்பிஎஸ்ஏஜி: ரியாக்டிவ், 3812.40 (1.00க்குக் கீழே இருந்தால் நான்-ரியாக்டிவ்)
ஆன்டி-எச்பிஎஸ்: 1.8 (10க்குக் கீழே நெகட்டிவ்)
ஈரல் பரிசோதனை: ஏஎல்டி 36, ஏஎஸ்டி 26, பிலிருபின் 0.7
பிளேட்லெட் 2,40,000

அறுவை சிகிச்சை மருத்துவர் "லிவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். லிவர் டாக்டரிடம் ஒன்பது நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. 1க்குக் கீழே இருக்க வேண்டியது 3812 என்றால் அத்தனை மடங்கு வைரஸ் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டில் மனைவியும் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை.

சுமைதாங்கி | இரவு 11.59

பதறாதீங்க நண்பரே. ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். இரண்டாவது நெகட்டிவ் என்பது நல்ல செய்திதானே? பாதி தப்பித்துவிட்டீர்கள்.

பழைய நோயாளி | இரவு 12.20

சுமைதாங்கி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் விஷயம் தலைகீழ். இந்த ரிப்போர்ட்டில் நெகட்டிவ் வந்தால் நல்லது, பாசிட்டிவ் வந்தால் கெட்டது என்று ஒரே தராசில் எல்லா வரியையும் நிறுக்க முடியாது. ஆன்டி-எச்பிஎஸ் என்பது காவல்காரன், வைரஸை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டவருக்கும், நோய் வந்து தானாகப் போனவருக்கும் அது பாசிட்டிவாக இருக்கும். அது நெகட்டிவ் என்றால் காவல் இல்லை என்று பொருள்.

இரவுப்பறவை, எனக்கு 2006இல் தெரிந்தது. ரத்த தானம் செய்யப் போன இடத்தில் சொன்னார்கள். அன்றைக்கு நானும் இப்படித்தான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன், தினமும் ஒரு மாத்திரை, மற்றபடி உங்களைப் போலவே வேலைக்குப் போய்வருகிறேன். அந்த எண்ணைப் பற்றி ஆய்வக மேசை வந்து சொல்வார், எனக்குப் பாதிதான் தெரியும். தூங்குங்கள்.

ஆய்வக மேசை | காலை 6.35

பத்தொன்பது வருடமாக இந்த மெஷின்களோடுதான் குடித்தனம். வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கும் கேள்வி இது.

3812 என்பது வைரஸ் எண்ணிக்கை கிடையாது. அது எப்படி வருகிறது என்று பாருங்கள். உங்கள் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த சீரத்தில் கொஞ்சம் எடுத்து, எச்பிஎஸ்ஏஜியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளோடு மெஷின் கலக்கும். ஒட்டாததைக் கழுவித் தள்ளும். ஒட்டியதன் மேல் ஒளி கிளப்பும் ஒரு பொருளைச் சேர்க்கும். எவ்வளவு ஒளி வந்தது என்று அளக்கும். அதை, எல்லைக்கோடு என்று வைத்திருக்கும் ஒளியால் வகுக்கும். அந்த வகுத்தல் விடைதான் உங்கள் 3812. வேறு கம்பெனி மெஷினில் இதே ரத்தத்தைப் போட்டால் 240 என்றோ 5000 என்றோ வரும். இரண்டு மெஷின் எண்களை ஒப்பிடுவதில் பயனே இல்லை. ரியாக்டிவா, இல்லையா என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். இந்த வைரஸ் தனக்குத் தேவையானதை விட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக வெற்று உறைகளைச் செய்து ரத்தத்தில் தள்ளும். உள்ளே டிஎன்ஏ இருக்காது, யாருக்கும் தொற்றாது. நெல்லை விடப் பதர் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையைப் பார்த்து வைரஸை எண்ண முடியாது. அதற்குத் தனியாக எச்பிவி (ஹெபடைடிஸ் பி வைரஸ்) டிஎன்ஏ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. வைரல் லோடு என்று சொல்வது அதைத்தான்.

இந்த எண் உதவும் ஒரே இடம், 1க்குப் பக்கத்தில் வரும்போது. 1.3, 2.1 என்று வந்தால் பொய்ப் பாசிட்டிவாக இருக்கலாம். நியூட்ரலைசேஷன் என்ற உறுதிப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ரிப்போர்ட் கொடுப்போம், கொடுக்க வேண்டும். உங்களுடையது அந்த ரகமில்லை. பொய்யாக இருக்கும் என்ற நப்பாசையை நான் தர மாட்டேன்.

இரவுப்பறவை | காலை 7.10

மிக்க நன்றி ஐயா. பயம் போகவில்லை, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது கொஞ்சம் தெளிவாகிறது. அப்படியென்றால் என் ரிப்போர்ட்டை வைத்து என்னதான் சொல்லலாம்?

ஈரலறை | காலை 9.42

மருத்துவர்தான், ஆனால் உங்கள் மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இப்போதைக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உங்கள் உடலில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது. புதிதாக வந்ததா, பல வருடமாக இருப்பதா என்று தெரியாது. ஈரலைத் தொந்தரவு செய்கிறதா என்றும் தெரியாது. ரிப்போர்ட்டில் மூன்றாவது வரி ஒன்று வந்திருக்க வேண்டும், ஆன்டி-எச்பிசி, அதாவது வைரஸின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி. எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி மொத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. பெரியவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி 2023இல் பரிந்துரைத்தது.

மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றைப் பற்றிக் கேளுங்கள்: ஆன்டி-எச்பிசி ஐஜிஎம் (புதிய தொற்றைக் காட்டும் வகை), எச்பிஇஏஜி (வைரஸ் பெருகும்போது வெளிவரும் புரதம், இ-ஆன்டிஜென்), ஆன்டி-எச்பிஇ (அதற்கு எதிரான ஆன்டிபாடி), எச்பிவி டிஎன்ஏ, வயிற்று ஸ்கேன். ஹெபடைடிஸ் டி ஆன்டிபாடியும் ஒரு முறை பார்க்கலாம். எச்பிஎஸ்ஏஜி உள்ளவருக்கு மட்டும்தான் அந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும். ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள்.

இதற்காகக் குடலிறக்க அறுவை சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை, தேதி கொஞ்சம் தள்ளிப் போகலாம். மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவருக்கும் குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும். சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப் பிடிப்பதாலோ, ஒரே வீட்டில் இருப்பதாலோ இது தொற்றாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவைதான் முக்கிய வழிகள். சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுவழி | காலை 11.15

எல்லோரும் சேர்ந்து அவரை மிரட்டுகிறீர்கள். எனக்கு 2018இல் கண்ணெல்லாம் மஞ்சள், ஏஎல்டி 1400, எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். மூலிகைப் பொடி 90 நாள் சாப்பிட்டேன். ஐந்தாவது மாதம் பார்த்தால் எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் 212. ரிப்போர்ட் கையில் இருக்கிறது. இதற்கு என்ன பதில்?

ஈரலறை | பகல் 1.05

உங்கள் ரிப்போர்ட்டை முழுமையாக நம்புகிறேன். நீங்கள் குணமானது உண்மை. பொடியால் குணமானது என்பதில்தான் சந்தேகம். அப்போது ஐஜிஎம் பார்த்தார்களா?

நாட்டுவழி | பகல் 1.30

பார்த்தார்கள். பாசிட்டிவ்.

ஈரலறை | பகல் 2.00

அதுதான் விடை. ஐஜிஎம் பாசிட்டிவ், ஏஎல்டி ஆயிரத்துக்கு மேல், கண்ணில் மஞ்சள். உங்களுக்கு வந்தது புதிய தொற்று. வளர்ந்தவருக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதோ முதல் வயதிலோ தொற்றினால் கதை வேறு: பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் என்றால் கால்வாசி முதல் பாதிப் பேருக்கு. இந்த வைரஸைப் பொறுத்தவரை எந்த வயதில் தொற்றியது என்பதுதான் பாதித் தலையெழுத்து.

இன்று உங்களுக்கு ஆன்டி-எச்பிசி மொத்தம் பார்த்தால் பாசிட்டிவாகத்தான் இருக்கும். அது பொதுவாக ஆயுளுக்கும் நிற்கிற அடையாளம். ஆனால் ஏஎல்டி 1400 இருந்த ஈரலுக்கு, என்ன சேர்த்தது என்றே தெரியாத பொடியைக் கொடுத்தது ஆபத்தான காரியம். பொடிகளாலேயே ஈரல் கெட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டுவழி | பகல் 2.25

பொடி இல்லாமலே சரியாகியிருக்கும் என்கிறீர்கள்.

ஈரலறை | பகல் 2.31

பெரும்பாலும், ஆம்.

வெள்ளைச் சீருடை | மாலை 5.50

செவிலியர் படிப்பு முதலாம் ஆண்டு. என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். விடுதியில் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் டோஸ் போட்டார்கள். நான்காவது நாள் மருத்துவப் பரிசோதனை. அதில் எனக்கு எச்பிஎஸ்ஏஜி 1.62 ரியாக்டிவ். அழுது முடித்துவிட்டேன். தடுப்பூசியாலேயே நோய் வந்துவிடுமா அண்ணா?

ஆய்வக மேசை | மாலை 6.40

தங்கச்சி, வராது. தடுப்பூசியில் இருப்பது ஈஸ்ட்டில் வளர்த்த எச்பிஎஸ்ஏஜி புரதம். நான் மேலே சொன்ன பதர்தான், வைரஸ் கிடையாது. ஊசியில் போட்ட புரதமே சில நாள் ரத்தத்தில் சுற்றும், நம் மெஷின் அதையும் விடாமல் பிடித்துவிடும். 18 நாள் வரைக்கும் இப்படி வந்த கதைகள் உண்டு. ஒரு மாதம் கழித்து எச்பிஎஸ்ஏஜியையும் ஆன்டி-எச்பிசியையும் பாருங்கள். இரண்டும் நான்-ரியாக்டிவ் என்றால் கதை முடிந்தது. ஊசி போட்ட தேதியை ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் இத்தனை கண்ணீர்.

மூன்று டோஸும் முடிந்த பிறகு ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் பார்க்க மறக்காதீர்கள். மி.லி.க்கு 10 மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் போதும். உங்கள் தொழிலில் ஊசி குத்திக்கொள்வது சகஜம், அந்த எண் ஒரு முறை எழுத்தில் இருந்தால் பிற்பாடு எண் குறைந்தாலும் கவலையில்லை, உடம்பின் ஞாபகம் இருக்கும். 800 வந்தவர் 12 வந்தவரை விட அறுபது மடங்கு பத்திரம் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

செம்பருத்தி | இரவு 8.15

எனக்கு வேறு மாதிரி. மூட்டு வாதத்துக்குப் புது ஊசி ஆரம்பிக்கும் முன் ரத்தம் எடுத்தார்கள். எச்பிஎஸ்ஏஜி 0.21 நான்-ரியாக்டிவ். ஆன்டி-எச்பிஎஸ் 3.4 நெகட்டிவ். ஆன்டி-எச்பிசி மொத்தம் 0.006, ரியாக்டிவ். 0.006 எப்படி ரியாக்டிவ் ஆகும்? அச்சுப் பிழை என்று நினைத்து ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். "அப்படித்தான் மேடம் வரும்" என்று வைத்துவிட்டார்கள்.

ஆய்வக மேசை | இரவு 9.05

போனை வைத்தது தப்பு, ஆனால் சொன்னது சரி. சில மெஷின்களில் இந்த ஒரு பரிசோதனை மட்டும் போட்டி முறையில் நடக்கும். ஒட்டிக்கொள்ளும் இடங்கள் கொஞ்சம்தான். மெஷின் கொண்டுவரும் ஆன்டிபாடியும் உங்கள் ஆன்டிபாடியும் அந்த இடங்களுக்கு அடித்துக்கொள்ளும். உங்களுடையது அதிகமாக இருந்தால் மெஷினுடையதற்கு இடமில்லை, ஒளி வராது. எனவே எண் குறைந்தால் ரியாக்டிவ். பக்கத்தில் சின்ன எழுத்தில் "1.0க்கு மேல் நான்-ரியாக்டிவ்" என்று இருக்கும், பாருங்கள்.

முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மெஷின்களில் அதிக அளவு பயோட்டின் இந்த ஒட்டலையே கெடுத்துவிடும். எச்பிஎஸ்ஏஜி பொய்யாகக் குறையலாம், போட்டி முறைப் பரிசோதனை பொய்யாக ரியாக்டிவ் ஆகலாம்.

செம்பருத்தி | இரவு 9.12

பயோட்டின் எதுவும் இல்லை. சின்ன எழுத்து இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது.

ஈரலறை | இரவு 10.30

செம்பருத்தி, உங்கள் கேள்வியை விளையாட்டாக விட வேண்டாம். கோர் ஆன்டிபாடி, அதாவது ஆன்டி-எச்பிசி, மட்டும் தனியாக நிற்பதற்கு நான்கு காரணங்கள் சொல்வோம். எப்போதோ வந்து போன தொற்று, ஆன்டி-எச்பிஎஸ் காலப்போக்கில் தேய்ந்துவிட்டது, இதுதான் அதிகம். அடுத்தது பொய்ப் பாசிட்டிவ். மூன்றாவது, எச்பிஎஸ்ஏஜி மறைந்து ஆன்டி-எச்பிஎஸ் இன்னும் தலைகாட்டாத இடைவெளி. புதிய தொற்றில் சில வாரம் இப்படி இருக்கும், அப்போது ஐஜிஎம் காட்டிக்கொடுக்கும். நான்காவது, எச்பிஎஸ்ஏஜி கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரஸ் ஒளிந்திருப்பது. டிஎன்ஏ பார்த்தால்தான் பிடிபடும்.

வேறு யாராக இருந்தாலும் நிதானமாகப் பார்க்கலாம் என்பேன். நீங்கள் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஊசிக்குப் போகிறீர்கள். பழைய தொற்று ஆறிப் போனவருக்கும் ஈரல் செல்லுக்குள் வைரஸின் மூலப்பிரதி தங்கியிருக்கும். ரிட்டுக்சிமாப் மாதிரியான மருந்து காவலை எடுத்துவிட்டால் அது விழித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஊசிக்கு முன்னால் டிஎன்ஏ பாருங்கள். மூட்டு மருத்துவரிடம் இந்த வரியை விரல் வைத்துக் காட்டுங்கள். தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே அந்த ஊசியைப் போடலாம்.

செம்பருத்தி | மறுநாள் காலை 7.40

விரல் வைத்தே காட்டுகிறேன். நன்றி டாக்டர்.

இரவுப்பறவை | 11ஆம் நாள், மாலை 4.20

மருத்துவரைப் பார்த்துவிட்டேன். மனைவியிடம் அன்றே சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி "குழந்தைக்கு?" என்பதுதான். புதிய ரிப்போர்ட்:

ஆன்டி-எச்பிசி மொத்தம்: ரியாக்டிவ்
ஆன்டி-எச்பிசி ஐஜிஎம்: நான்-ரியாக்டிவ்
எச்பிஇஏஜி: நான்-ரியாக்டிவ்
ஆன்டி-எச்பிஇ: ரியாக்டிவ்
எச்பிவி டிஎன்ஏ: மி.லி.க்கு 1,460 யூனிட்

மருத்துவர் மாத்திரை எதுவும் தரவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். எனக்கு இதுதான் புரியவில்லை. ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் ஆயிரத்துக்கு மேல் வைரஸை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?

பழைய நோயாளி | மாலை 5.02

தம்பி, எனக்கு முதலில் வந்த டிஎன்ஏ எவ்வளவு தெரியுமா? 11 கோடி. எட்டு இலக்கத்துக்கு மேல் போகிற நோய் இது. 1,460 என்பது தரையோரம்.

ஒரு எச்சரிக்கை. பழைய ரிப்போர்ட்டுகளில் "காப்பி" (வைரஸ் பிரதி) என்று இருக்கும், இப்போது யூனிட். ஏறத்தாழ ஐந்து காப்பி ஒரு யூனிட். என் 2009 ரிப்போர்ட்டில் 9,000 காப்பி, அடுத்ததில் 1,700 யூனிட். ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மருத்துவர் சிரித்தார். துளி கூடக் குறையவில்லை.

ஈரலறை | இரவு 9.50

ஐஜிஎம் இல்லை, எனவே இது புதிது இல்லை. ஆனாலும் எச்பிஎஸ்ஏஜி ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பதை இரண்டாவது ரிப்போர்ட்டில் பார்த்த பிறகுதான் நாள்பட்டது என்று எழுதுவோம்.

எச்பிஇஏஜி இல்லாமல் ஆன்டி-எச்பிஇ இருப்பது பொதுவாக வைரஸ் வேகம் தணிந்ததைக் காட்டும். பொதுவாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், இ-ஆன்டிஜென் செய்யும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு மும்முரமாகப் பெருகும் வைரஸ் வகைகள் உண்டு. அவர்களுக்கும் இந்த இரண்டு வரியும் உங்களுடையது போலவே இருக்கும், டிஎன்ஏ மட்டும் லட்சக்கணக்கில் நிற்கும். அதனால்தான் டிஎன்ஏ இல்லாமல் இந்த வரிகளைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

மாத்திரை விஷயம். 2,000 யூனிட் என்பது ஒரு முக்கியக் கோடு. அதற்கு மேல் டிஎன்ஏவும் இயல்புக்கு மேல் ஏஎல்டியும் இருந்தால் மருந்து கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. ஈரலில் தழும்பு இருந்தால், கோடு வேறு. இப்போது ஏஎல்டியைப் பாருங்கள். உங்கள் ஆய்வகம் 50 வரை இயல்பு என்று போட்டிருக்கும். ஆனால் அதே வழிகாட்டி ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19 என்றுதான் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் 36 கொஞ்சம் மேலே. வைரஸாலா, ஈரலில் கொழுப்பாலா என்று பார்க்க வேண்டும். உங்கள் மருத்துவர் மூன்று மாதத்தில் கூப்பிட்டது அதற்குத்தான். சும்மா இருக்கச் சொல்லவில்லை, கவனிக்கிறார்.

கையாலேயே போடக்கூடிய ஒரு கணக்கும் உண்டு, ஃபிப்-4 என்று பெயர். வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள்: 38 × 26 = 988. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 240 × 6 = 1440. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.69. 1.45க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 3.25க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்.

அம்மா, உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதை உங்களிடம் யாராவது சொன்னார்களா?

இரவுப்பறவை | இரவு 10.15

சொல்லவில்லை. தங்கை ஒருத்தி இருக்கிறாள். அம்மாவுக்கு 64 வயது, நன்றாக இருக்கிறார்.

ஆய்வக மேசை | இரவு 10.40

அம்மாவின் ரிப்போர்ட்டில் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று யாராவது எழுதினால் குழம்பாதீர்கள், எச்பிஎஸ்ஏஜிதான். ப்ளம்பெர்க் என்ற விஞ்ஞானி 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28தான் உலக ஹெபடைடிஸ் தினம். என் மூத்த மருத்துவர் ஒருவர் ஓய்வு பெறும் வரை "ஆஸ்திரேலியா பாருப்பா" என்றுதான் சீட்டு எழுதுவார்.

இரவுப்பறவை | மூன்று மாதம் கழித்து

டிஎன்ஏ 2,610. ஏஎல்டி 41. கோட்டைத் தாண்டிவிட்டது. ஸ்கேனில் ஈரல் கொழுப்பு, முதல் நிலை. ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 5.4. மருத்துவர் இன்னும் மாத்திரை தரவில்லை! "மூன்று மடங்குக்குள் ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுக்க மாட்டோம். எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்ப்போம்" என்கிறார். வேறு மருத்துவரிடம் போகலாமா?

ஈரலறை | அன்று இரவு

போகலாம், தப்பில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 5.4 என்பது மென்மையான ஈரல். அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டி 7க்கு மேல் போனால்தான் குறிப்பிடத்தக்க தழும்பு என்கிறது. டிஎன்ஏ கோட்டுக்குப் பக்கத்தில் ஆடுகிறது, ஏஎல்டிக்குக் கொழுப்பு என்று வேறொரு காரணம் கிடைத்திருக்கிறது. இப்போதே தொடங்கலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, நானே பாதி மனதோடு அந்தப் பக்கம்தான். ஆனால் சில மாதம் பார்ப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. மாத்திரையைத் தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்.

பழைய நோயாளி | மறுநாள்

கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். ஒரு முறை நானாகவே நிறுத்தினேன். நான்காவது மாதம் ஏஎல்டி 600. அந்தத் தப்பை யாரும் செய்ய வேண்டாம்.

இரவுப்பறவை | ஏழரை மாதம் கழித்து

இந்த இழையை மறந்திருப்பீர்கள். இன்று எங்கள் வீட்டு மேசையில் ஐந்து பேரின் ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு ஐந்தரைக் கிலோ குறைந்தது. ஏஎல்டி 29, டிஎன்ஏ 1,180. எச்பிஎஸ்ஏஜி இன்னும் ரியாக்டிவ், அதனால் நாள்பட்டது என்று எழுதிவிட்டார்கள். மாத்திரை இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். குடலிறக்க அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது.

மனைவிக்கு மூன்று வரியும் நெகட்டிவ். நோயும் இல்லை, காவலும் இல்லை. தொடக்கம், ஒன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று ஊசி போட்டாயிற்று. அடுத்த வாரம் ஆன்டி-எச்பிஎஸ் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் 46, மற்ற இரண்டும் நெகட்டிவ். பிறந்தபோது போட்ட தடுப்பூசி.

தங்கைக்கு எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் 380, கோர் ரியாக்டிவ். அவளுக்கு எப்போதோ வந்து தானாகப் போயிருக்கிறது, அவளுக்கே தெரியாது. 380ஐப் பார்த்து தடுப்பூசி வேலை செய்கிறது என்றாள். ஊசியால் வந்திருந்தால் கோர் வராதே என்று நான் சொன்னேன். இந்த இழையில் படித்ததுதான்.

அம்மாவைக் கூட்டிப்போக நான்கு மாதம் ஆனது. "எனக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ், 1926. ஏஎல்டி 22. ஆய்வகத்தில் இருந்தவர் "ஈரல் நார்மல்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளேட்லெட் 98,000, ஏஎஸ்டி 41. டாக்டர் சொன்ன கணக்கைப் போட்டேன். 64 × 41 = 2624. 22இன் வர்க்கமூலம் 4.69, 98ஆல் பெருக்கினால் 460. விடை 5.7. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மூன்று முறை போட்டேன்.

ஃபைப்ரோஸ்கேன் 14.8. டிஎன்ஏ 48,300. ஈரல் சுருக்கத்தின் தொடக்கம். அன்றே என்டெகாவிர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வெறும் வயிற்றில் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன், புற்றுநோய் ஏதும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க. எனக்கு அவரிடமிருந்துதான் வந்திருக்கும் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உனக்குத்தானே நம்பர் பெருசு? 3812ன்னு போட்டிருக்கு. எனக்கு அதுல பாதிதான். அப்புறம் மாத்திரை ஏன் எனக்கு?"

ஆய்வக மேசை | இரவு 9.25

பதர்க் கதையைச் சொல்லிப் பார்த்தீர்களா?

இரவுப்பறவை | இரவு 9.31

சொன்னேன். "அதை ஏன்டா அச்சடிக்கிறாங்க?" என்று கேட்கிறார்.

ஆய்வக மேசை | இரவு 9.40

நியாயமான கேள்வி. பத்தொன்பது வருடமாக நானும் கேட்கிறேன். மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம் டிஎன்ஏ பார்க்கச் சொல்வார்கள், அந்த எண்ணைக் காட்டுங்கள் அம்மாவுக்கு. இப்போது 48,300 என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.